மீதிக் கம்பளி

போர் வீரருக்குக் கம்பளி ஆடை பின்னுவது பற்றிய சுற்றறிக்கையின் ஏழாவது பத்தி இப்படிச் சொல்கிறது: "பணி முடிவடைந்தபின், பயன்படுத்தப்படாத கம்பளி நூல் முழுவதையும் பொறுப்பாளர் பதினைந்து தினங்களுக்குள் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்." தெளிவான விதி. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் உத்தியோகம் பார்த்த நான் இவ்வளவு தெளிவான விதிகளை அதிகம் கண்டதில்லை. காரைக்கால் முழுக்க அது செல்லுபடியானது, ஒரு வீட்டைத் தவிர. தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த, தெருவே அக்கா என்று கூப்பிட்டவரின் வீடு.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பிடிக்காது. "பேரை எழுதுற நேரத்துல நாலு வெங்காயம் உரிச்சிருக்கலாமே" என்பார்.

இது மிகை இல்லை. அந்த வீட்டுக்குப் போனால் காபி வருவதற்கு முன்னால் பூண்டு வரும். ஒரு முறத்தில் பூண்டைக் கொட்டி நம் மடிக்கு எதிரே வைத்துவிட்டு, "ம், சொல்லு" என்பார். நாம் வந்த விஷயத்தைப் பூண்டு உரித்துக்கொண்டேதான் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரர், சம்பந்தம் பேச வந்தவர்களோடு உட்கார்ந்து மொச்சை உரித்ததை நானே பார்த்திருக்கிறேன். வந்தவர்களும் உரித்தார்கள். சம்பந்தம் முடிந்தது.

எனக்கு நிச்சயித்திருந்த வரன் தட்டிப்போனபோது தெருவே ஆறுதல் சொல்ல வந்தது. நல்லதுக்குத்தான் என்றார்கள், வேறு இடம் அமையும் என்றார்கள், மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை என்றுகூட ஒருவர் சொன்னார். அக்கா ஒரு கட்டு முருங்கைக்கீரையை என் முன்னால் போட்டார்.

"இதை உருவிக் குடு. எனக்கு நேரமில்ல."

"அக்கா, நான் இப்ப..."

"தெரியும். காம்பு வராம உருவு."

அழுதுகொண்டே உருவினேன். கட்டு பாதி முடிந்திருந்தபோது, கொஞ்ச நேரமாகவே காம்பைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. முகம் கழுவி வந்தேன். "மிச்சத்தையும் முடிச்சுடு" என்றார். அவருடைய அனுதாபம் அவ்வளவுதான்.

எல்லோரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. குரும்பகரத்தில் அவர் சொந்தக்காரர் ஒருவர் இறந்தபோது, அன்று காலைதான் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணின் முன்னால் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொன்னார். இரக்கமில்லாத பொம்பளை என்று பின்கட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அங்கே இருந்தேன். எனக்கும் அது அநாகரிகமாகத்தான் பட்டது. அந்தப் பெண் பொறுக்கினாள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். "கை சும்மா இருந்தா மனசு கண்டதையும் போய்ப் புடிச்சுக்கும்" என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. விளக்கம் கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அதனால்தானோ என்னவோ எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. நான் நாள் முழுக்க விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள்.

1971 டிசம்பரில் சண்டை வந்தது. கடலோர ஊர் என்பதால் விளக்கை மறைத்து வைக்கச் சொன்னார்கள். கார்களின் முன்விளக்கில் பாதிக்குக் கறுப்புச் சாயம் அடித்தார்கள். வானொலியில் செய்தி வரும்போது தெருவில் அம்மி சத்தம் நின்றது. எங்கள் அலுவலகத்துக்குப் புதுச்சேரியிலிருந்து மூட்டை மூட்டையாகப் பாசி நிறக் கம்பளி நூலும், ஊசிகளும், மேலே சொன்ன சுற்றறிக்கையும் வந்தன. பெண்கள் குழு அமைத்து எல்லையில் இருக்கும் வீரர்களுக்கு ஸ்வெட்டர் பின்ன வேண்டும். மார்கழிப் பனிக்கு ஒரு துண்டைக் காதைச் சுற்றிக் கட்டினாலே போதும் என்று வாழ்கிற ஊர். எங்களில் யாரும் ஸ்வெட்டர் போட்டதில்லை. போட்ட ஆளைப் பார்த்தவர்களே குறைவு.

கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தபோது அக்கா பின்னல் கற்றிருந்தார். அதனால் அவர் பொறுப்பாளர் ஆனார். நூலைக் கணக்கில் ஏற்றிக் கொடுத்து, ஆடையைக் கணக்கில் ஏற்றி வாங்கும் எழுத்தர் நான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவர் வீட்டுக் கூடத்தில் தெருப்பெண்கள் கூடுவார்கள். உள்ளூர் வழக்கம் உடனே உள்ளே நுழைந்தது. முதலில் முடிந்த ஸ்வெட்டர்கள் என் மேசைக்கு வந்தபோது ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் தடவியிருந்தது.

"அக்கா, கறை படிஞ்ச துணிய வாங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"இது கறையா? புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காம எப்படிம்மா ஒருத்தனுக்குக் கொடுக்கிறது, அதுவும் சண்டைக்குப் போறவனுக்கு?"

என்ன எழுதுவது என்று யோசித்து, 'அடையாளக் குறி' என்று எழுதி அனுப்பினேன். யாரும் திருப்பி அனுப்பவில்லை. எங்கோ ஒரு பனிமலையில் ஓரத்தில் மஞ்சளோடு ஒரு படைப்பிரிவு நின்றிருக்க வேண்டும்.

அந்தக் கூடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் மட்டும் தெருக்காரர் இல்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அம்மா. அக்காவுக்கும் அவருக்கும் பல வருஷப் பழக்கம். இருவரும் பேசுவதைப் புதிதாகக் கேட்பவர்கள் பகையாளிகள் என்றுதான் நினைப்பார்கள்.

"இது நேத்து மீனு."

"ஆமா, நேத்தே உங்களுக்குன்னு சொல்லி வச்சுப் புடிச்சேன்."

"கண்ணப் பாரு, எப்படிக் கலங்கிக் கெடக்கு."

"உங்க வாயக் கேட்டுக் கலங்கியிருக்கும்."

இப்படி ஒரு சுற்று முடிந்த பிறகு மீன்காரம்மா கூடையை இறக்கி, கால் நீட்டி உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுத்தான் போவார். அவருக்கு ஒரே மகன். பட்டாளத்தில் இருந்தான். "கடலுக்குப் போகப் பயந்துக்கிட்டுப் பட்டாளத்துக்குப் போன பய" என்று அதுவரை சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர், சண்டை என்று வானொலி சொன்ன நாளிலிருந்து அதைச் சொல்லவில்லை. மகன் வடக்கே எல்லையில் எங்கோ இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். தீபாவளிக்கு முன்னால் வந்ததுதான் கடைசிக் கடிதம்.

அக்கா அவர் கையில் ஊசியைக் கொடுத்தார். முதலில் பின்னியது விரல் நுழையும் கண்களோடு வந்தது. அவர் கை வலை பழுது பார்த்த கை.

"சட்டைக்குள்ள மீனா புடிக்கப் போறான்? பிரி."

"காத்து வரட்டும்னு வுட்டேன்."

"காத்து வரக் கூடாதுன்னுதான்டி சட்டையே. பிரி."

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிரித்தார்.

சண்டை இரண்டு வாரத்தில் முடிந்தது. எங்கள் ஊர் ஸ்வெட்டர்களில் பாதி அப்போது கழுத்து வரைகூட வந்திருக்கவில்லை. வெற்றிச் செய்திக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கையிலிருந்ததை முடித்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பொங்கல் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஏழாவது பத்தி உயிர் பெற்றது. மற்ற குழுக்களிலிருந்து மீதி நூல் வந்து சேர்ந்தது, ரசீது கொடுத்தேன். தலத்தெருவிலிருந்து வரவில்லை. நானே போனேன்.

கூடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அக்காவும் மீன்காரம்மாவும். இருவர் மடியிலும் பாசி நிறம்.

"அக்கா, மீதி நூலைக் கேக்குறாங்க. சண்டை முடிஞ்சு போச்சு."

"சண்டை முடிஞ்சா குளிரும் முடிஞ்சிடுமா?"

"விதி அப்படித்தான் சொல்லுது."

"யாரு எழுதினாங்களோ அவங்கள வரச் சொல்லு. உக்காந்து ஒரு கை பின்னிக் குடுத்துட்டுப் போகட்டும்."

அப்போது மீன்காரம்மா தன் ஸ்வெட்டரை முடித்து நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். வலைக் கண்ணெல்லாம் எப்போதோ மறைந்திருந்தது. கடையில் வாங்கியது போல நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. அக்கா அதைக் கதவு நிலையில் வைத்து அளந்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"தோள் எறங்கியிருக்கு. பிரி."

"முந்தாநாளு கழுத்து இறுக்கம்னீங்க."

"அது முந்தாநாளு. இன்னிக்குத் தோளு."

மீன்காரம்மா முடிச்சை அவிழ்த்து இழுத்தார். பிரித்த நூல் இடியாப்பம் போலச் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது.

அவர் கொல்லைப்புறம் தண்ணீர் குடிக்கப் போனபோது கேட்டேன்.

"அக்கா, அதுல ஒரு குத்தமும் இல்ல."

"தெரியும்."

"பின்ன ஏன் பிரிக்கச் சொன்னீங்க?"

"முடிஞ்சுட்டா வீட்டுக்குப் போயிடுவா. போயி தபால்காரன் வர்ற வழியப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவா." குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னார். "எங்க அண்ணன் பிரெஞ்சுக்காரன் காலத்துல அவன் பட்டாளத்துல சொல்தாவாப் போனான், இந்தோசீனாவுக்கு. காயிதம் நின்னு போச்சு. இருக்கான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. எங்கம்மா வாசப்படியில உக்காந்துச்சு. சோத்தத் தட்டுல போட்டு வச்சா ஈதான் திங்கும். அப்புறம் எந்திரிக்கவே இல்ல. நான் சின்னப் புள்ள, அதுகிட்ட ஒரு வேலையக் குடுக்கணும்னு எனக்குத் தெரியல." பிறகு என்னைப் பார்த்தார். "சும்மா நிக்கிறியே, அந்தத் துணிய மடி."

மடித்தேன்.

அன்று அலுவலகத்துக்குத் திரும்பும்போது மீன்காரம்மாவும் கூடையோடு கடைத்தெரு வரை கூட வந்தார். மனசு கேட்காமல், "அந்த ஸ்வெட்டர் நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா புள்ள? பின்னுனவ நானு."

"அப்ப ஏன் பிரிக்கிறீங்க?"

கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டார். "எம் மவங்கிட்டேர்ந்து காயிதம் வரலன்னு நான் சொன்ன அன்னிலேர்ந்து அவங்களுக்குச் சோறு எறங்கல. வீட்டுக்காரரே சொன்னாரு. அவங்க அண்ணன் கதைதான் ஊருக்கே தெரியுமே. நான் வரலன்னு வையி, அவங்க யாரைப் புடிச்சு வெரட்டுவாங்க? வெரட்டட்டும். சொட்டரு இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு."

அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு தலைப்பில் கோப்பு உண்டு. இதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று நடந்துகொண்டே யோசித்தேன். ஒரு பெண் இன்னொருத்தி உடைந்துபோகக் கூடாதென்று நல்ல ஆடையைப் பிரிக்கச் சொல்கிறாள். அந்த இன்னொருத்தி, சொன்னவள் உடைந்துபோகக் கூடாதென்று பிரிக்கிறாள். நடுவில் அரசாங்கத்தின் கம்பளி தேய்ந்துகொண்டிருக்கிறது. கெடு முடிய இன்னும் ஓரிரு நாள்தான் இருந்தது. நூலை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்தக் கூடத்தில் நான்கு கைகள் சும்மா இருக்கும்.

விதியை மீறுவது எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் விதிக்குள்ளேயே ஓர் இடம் உண்டு. பழகியவர்களுக்கு மட்டும் தெரிந்த இடம். ஒரு விதியின் பொருளில் சந்தேகம் எழுந்து மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு எழுதிவிட்டால், பதில் வரும் வரை எதையும் அசைக்கக் கூடாது. அன்றே எழுதினேன்: "ஊசியில் ஏற்றிப் பின்னப்பட்டு, பின்னர் அளவு சரியில்லாமையால் பிரிக்கப்பட்ட நூல், பத்தி ஏழின் பொருளில் பயன்படுத்தப்பட்டதா, படாததா என்று தெளிவுபடுத்தும்படி பணிவுடன் கோருகிறோம். அதுவரை மேற்படி நூல் இப்போதுள்ள இடத்திலேயே இருக்கும்."

சூப்பரிண்டெண்ட் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்குப் பதில் சொல்ற ஆளு புதுச்சேரியில கிடையாதேம்மா."

"தெரியும் சார்."

"மேல அனுப்புவாங்க."

"அங்கயும் கிடையாது சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். "நல்ல சந்தேகம்" என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தை முழுக்க அவர்கள் பின்னினார்கள், பிரித்தார்கள். கை நீளம், கை குட்டை, இடுப்பு அகலம், இடுப்பு இறுக்கம். நூல் பஞ்சு போலப் பறக்க ஆரம்பித்தது. ஒரு நாள் மீன்காரம்மா, "இந்தச் சிப்பாய் என்ன அக்கா, தெனமும் எளைக்கிறான், தெனமும் பெருக்கிறான்?" என்றார். "கர்ப்பமா இருக்கானோ என்னமோ" என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். இரண்டு பேரும் சிரித்தார்கள்.  வாசலில் சைக்கிள் மணி கேட்டால் இருவர் கையும் ஒரே நேரத்தில் நிற்கும். சைக்கிள் தாண்டிப் போனதும் ஒரே நேரத்தில் ஓடும்.

விளக்கம் கேட்டு எழுதினால், பதில் வராதபட்சத்தில் நினைவூட்டு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதனால் மாசியில் ஒரு மத்தியானம் முதல் நினைவூட்டில் பொறுப்பாளர் கையெழுத்து வாங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மீன்காரம்மா வாசலில் கூடையோடு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கூடையில் மீன் மேல் ஈரச் சாக்கு, சாக்கின் மேல் ஒரு கடிதம்.

"வழியில தபால்காரரு குடுத்தாரு" என்றார். "எழுத்து அவன் எழுத்து இல்ல அக்கா. எனக்குப் படிக்கத் தெரியாட்டியும் அவன் எழுத்து தெரியும்."

அக்கா எழுந்துபோய் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார். ஊசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பின்னு" என்றார். அதற்குப் பிறகுதான் உறையைக் கிழித்தார்.

மகன் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கட்டிலில் இருந்த திருநெல்வேலிக்காரர் எழுதிய கடிதம். வலது கையில் குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். முதலில் நினைவில்லாமல் கிடந்தான், பிறகு ஊர் மாற்றி ஊர் கொண்டுபோனார்கள், அதனால் எழுத முடியவில்லை. இரண்டு விரல் மடங்காது. மற்றபடி நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான். சப்பாத்திதான் பிடிக்கவில்லை. கை தேறியதும் தானே எழுதுவான்.

அக்கா நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல் படித்தார். மீன்காரம்மா அந்த வரிசை முடியும் வரை பின்னினார். முடிந்ததும் ஊசியைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கடிதத்தை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அதன் மேல் போட்டபடி உட்கார்ந்திருந்தார். எதையும் தேடவில்லை, யாரையும் ஏவவில்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் அதைக் கவனித்தவர் மீன்காரம்மாதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூடையை இழுத்து வந்து அக்காவின் காலடியில் வைத்தார்.

"நெத்திலி. உக்காந்து ஆயுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? கையச் சும்மா வச்சுக்கிட்டு உக்காரலாமா? தலையக் கிள்ளுங்க, நல்லாக் கிள்ளுங்க."

அக்கா ஒரு நெத்திலியை எடுத்தார். "இது நேத்து மீனு" என்றார். தலையைக் கிள்ளிப் போட்டார்.

"ஆமா, நேத்துதான்" என்றார் மீன்காரம்மா, அந்த ஒரு நாள் மட்டும் சண்டை போடாமல்.

நானும் ஒரு பிடி எடுத்து ஆய்ந்தேன். அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன், மீன் வாசனையோடு.

இரண்டு மூன்று நாளில் ஸ்வெட்டர் முடிந்தது. அக்கா கதவு நிலையில் வைத்து அளந்தார். "சரியா இருக்கு" என்றார். தேய்ந்து நைந்த நூல், பழைய துணி போல இருந்தது. சரியாகத்தான் இருந்தது. அது அவனுக்கே போனது. தனி நபருக்கு அனுப்பலாமா என்று சூப்பரிண்டெண்ட் கேட்டார். சுற்றறிக்கையில் 'போர் வீரர்' என்றுதான் இருக்கிறது, பன்மையில் இல்லை என்று காட்டினேன். ஓரத்தில் மஞ்சள் இருந்தது. 'அடையாளக் குறி.'

சித்திரையில் அவன் விடுப்பில் வந்தான். அந்த அக்கினி வெயிலில், அவன் அம்மா அவனுக்கு ஸ்வெட்டரை மாட்டி, கிளிஞ்சல்மேட்டிலிருந்து தலத்தெரு வரை நடத்திக் கூட்டிவந்தார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அக்கா வீட்டு வாசலுக்கு வந்தபோது பையன் வியர்வையில் குளித்திருந்தான்.

"தோளு சரியா இருக்கா?" என்று அவனைக் கேட்டார் அக்கா.

"இருக்குங்க. கழட்டலாங்களா?"

"கழட்டு. கழட்டிட்டு இப்படி உக்காரு." மடங்காத விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பூண்டு முறத்தை அவன் முன்னால் நகர்த்தினார். "அந்தக் கையாலயே உரி. மெதுவா உரி."

நினைவூட்டுகளை நான் நிறுத்தவில்லை. கோப்பு திறந்திருக்கும் வரை அனுப்புவது முறை. எனக்குப் பதவி உயர்வு வந்தது, சூப்பரிண்டெண்ட் ஓய்வு பெற்றார், புதுச்சேரியில் அதிகாரிகள் மாறினார்கள், கோப்பு மாறவில்லை. அக்காவை எப்போது பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான்.

"பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"நல்லது. யோசிக்கட்டும்."

நிதியாண்டு முடிகிற நாளில் அலுவலகங்களுக்கு ஞானம் பிறக்கும். பழைய கோப்புகளை முடித்துத் தள்ளுவார்கள். அப்படி ஒரு நாளில் பதில் வந்தது. ஒரே வரி. ஒரு முறை பின்னப்பட்ட நூல், பிற்பாடு பிரிக்கப்பட்டிருப்பினும், பயன்படுத்தப்பட்டதாகவே கருதப்படும். ஒப்படைக்கத் தேவையில்லை.

பதிலைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது முறை. சாயங்காலம் போனேன். அக்காவும் மீன்காரம்மாவும் கூடத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் தலை வெளுத்திருந்தது. நின்றபடியே படித்துக் காட்டினேன். மீன்காரம்மாவுக்குப் புரிய இன்னொரு தடவை பேச்சுத் தமிழில் சொன்னேன்.

"அதத்தான் நாங்க அன்னிக்கே சொன்னோமே" என்றார் மீன்காரம்மா.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "இத்தன வருஷமா இதையே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க பாவம். பரவால்ல, கை சும்மா இல்லாம இருந்துச்சே." பிறகு தன் பக்கத்தில் இருந்த புளியில் பாதியை என் பக்கம் தள்ளினார். "நிக்காத. உக்காரு."

உட்கார்ந்தேன். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டை எடுத்தேன். மறுநாள் காலை கோப்பைக் கடைசித் தடவையாகத் திறந்தேன். விரலில் புளிக்கறை இருந்ததால் ஓரத்தில் ஓர் அடையாளக் குறி விழுந்தது. அதன் கீழே எழுதி மூடினேன்: பதில் கிடைத்த நாள், 31 மார்ச் 1983.